மூடியைத் தூக்கிப் போடாதே

வுப்பர்டாலில்
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலில்
இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கையில் முந்நூற்று நாற்பது யூரோ.
பெரிய பிராசஸரும், இதோடு முடியப்போகும் சாக்கெட்டும்.
அல்லது
சின்னப் பிராசஸரும்,
இன்னும் இரண்டு தலைமுறை தாங்குமென்று
கம்பெனி வாக்குக் கொடுத்த சாக்கெட்டும்.

வீட்டு லேப்டாப்
ஒரு பாலத்தின் மாதிரியைத் திறப்பதற்குள்
நான்கு தோசை வார்த்துவிடலாம்.

ஜெயசிங் சொன்னான்: விரலுக்குத் தகுந்த வீக்கம்.
நான் சொன்னேன்: விரல் வளரும்.

வளர்கிற பிள்ளையென்று
இரண்டு அளவு பெரிதாய் எடுத்த சட்டைகளின் கையை
மடித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவள் நான்.
அளவு சரியாகும் வருஷம்
காலர் கிழிந்திருக்கும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
என் கட்சிக்கு உதவாத சாட்சி.

பார்மனில் மூன்றாம் மாடி.
விற்பவர் டெட்லெஃப் குரோவ்ஸ்கி.
சமையல் மேசையில் பூனையை நகர்த்திவிட்டு
மதர்போர்டை வைத்தார்,
சின்னப் பிராசஸர் அதிலேயே உட்கார்ந்திருக்க.
ராமுக்கு நான்கு பள்ளங்கள்.
இரண்டில் புழங்கிய தடம்.
மற்ற இரண்டில் மூன்று வருஷத் தூசி.
இரண்டாம் எஸ்எஸ்டிக்கான இடத்தில்
நீலத்தாள்கூட உரிக்கப்படவில்லை.

"பிறகு போடலாம் என்று வாங்கினேன்."

அந்தப் பிறகு என்னவாயிற்று என்று கேட்கும் அளவுக்கு
என் ஜெர்மன் வளரவில்லை.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கதவுவரை வந்தவர்
கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை
உள்ளங்கையில் வைத்தார்.
"இதைத் தூக்கிப் போடாதே.
பிராசஸரைக் கழற்றும் நாளில் சாக்கெட்டை மூட வேண்டும்.
ஆயிரத்தெழுநூற்றுப் பதினெட்டு முட்கள்.
ஒன்று வளைந்தாலும் போச்சு."
பிறகு, படிக்கட்டில் நான் பாதி இறங்கியதும்
மேலிருந்து:
"புதியது வாங்கினால்
பழையது உள்ளே இருக்கும்போதே பயோஸை மாற்று!
இந்தப் போர்டில் அதற்குத் தனிப் பொத்தான் இல்லை.
பழையதை எடுத்துவிட்டால்
வந்திருப்பது யாரென்று
போர்டுக்குச் சொல்ல ஆளிருக்காது!"

திரும்பும் ரயிலில்
அந்த வாக்கியத்தை மடியில் வைத்திருந்தேன்,
போர்டைவிட ஜாக்கிரதையாக.

இரவு பதினொன்றே காலுக்குப் பொத்தானை அழுத்தினோம்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம்.
"முந்நூற்று நாற்பது," என்றான் ஜெயசிங், மெதுவாக.
"பேசாமல் இரு. முதல் தடவை
ராமை அளந்து பார்க்கிறது."
எனக்கும் அது படித்த விஷயம்தான்,
நம்பிய விஷயம் அல்ல.

ஏழாம் நிமிஷம் எழுத்து வந்தது.

மூடியை வாடகை ஒப்பந்தக் கோப்பில் வைத்தேன்.
ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

காலையில் எழுந்து பார்த்தால்
பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு
பெயிண்ட் பிரஷ்ஷால்
அந்த இரண்டு காலிப் பள்ளங்களையும்
துடைத்துக்கொண்டிருக்கிறான் ஜெயசிங்.

எதற்கு என்றேன்.

சும்மா, என்றான்.