வெள்ளைப் பள்ளம்

என்னிடம் ஒரு தோட்டாகூட இல்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இந்த ஊரில் வெறும் பித்தளைக் கூட்டுக்கும்
மாத்தா வந்து கதவைத் தட்டுவான்.

என்னிடம் இருப்பது தாள்.
லீஜ் நகரத்து ஞாயிற்றுச் சந்தையில்
தோட்டாவின் அடிப்புறம் மேல் மெல்லிய தாளை வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பேன்.
அமுங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும்,
மற்றதெல்லாம் கறுக்கும்.
ஒரு தேய்ப்புக்கு அரை யூரோ,
பைத்தியக்காரனுக்குத் தனி விலை
என்று சிரித்தான் கடைக்காரன்.

நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள்
தோ பாயோ எட்டாம் மாடியில், தபால்தலை ஆல்பங்களில்.
பாரிஸ் தோட்டாவின் விலாவில் நீளும் ஊசி
தேய்ப்பில் வராது, ஓரத்தில் கோடு போட்டுக்கொள்வேன்.
பிரஷ்யனுடையது காகிதத் தோட்டா.
காகிதத்தைக் காகிதத்தில் என்னவென்று தேய்ப்பது?

"அடுத்த வீட்டுக் குழம்பை
மோந்துவிட்டு வந்து ஏப்பம் விடுகிற ஆள்"
என்பாள் இன்பவல்லி.

தேசிய தின ஒத்திகை விமானங்கள்
ஜன்னலை அதிரவைத்த ஒரு சனிக்கிழமை
சுல்தான் மரைக்காயர் அழைத்தான்.
தெலுக் ஆயர் கடைவீட்டில் தரைப்பலகை பெயர்க்கிறார்களாம்.
"உன் சாமான் ஒண்ணு கிடக்கு, வா."

டச்சுத் தோட்டா, முழுசு.
ஆச்சே சண்டைக்குப் போன எந்த மூட்டையிலிருந்து நழுவியதோ,
அல்லது எங்கிருந்து திரும்பி வந்ததோ.

போலீசை அழைத்தது நான்தான்.
வர பதினொரு நிமிடம்.
தொடக்கூடாது, தெரியும்.
பிள்ளைக்கு நகம் வெட்டுகிற பதத்தில்
தேய்த்தேன்.

ஓர் எழுத்து. எழுபத்தெட்டு.
நடுவில், நான் எதிர்பார்க்காத ஒரு வெள்ளை.
ஊசி விழுந்த பள்ளம்.
அடித்திருக்கிறது,
வெடிக்கவில்லை.

யாரோ குறி பார்த்து, விசையை இழுத்து,
'டிக்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறான்.
எதிரே நின்றவன் ஓடினானா,
இவன் அடுத்ததைப் போடும்வரை
நின்றுகொண்டே இருந்தானா?
காட்டுப்பன்றியாகவும் இருக்கலாம்.

சார்ஜன் ஹைருல் எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினார்.
"அங்கிள், இதைத் தொட்டீங்களா?"
என் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது.
பென்சில் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

மற்ற தாள்களின் கீழே
ஆலை, ஆண்டு, அளவு எல்லாம் குறித்திருக்கிறேன்.
நானூற்றுப் பதின்மூன்றின் கீழே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நேற்று பருப்பு ஊறவைத்த ஈரக்கையைத் துடைத்துவிட்டு
இன்பவல்லி ஆல்பத்தைப் புரட்டினாள்.
அந்த வெள்ளையில் விரலை வைத்து,
"இந்த இடத்தை மட்டும்
விட்டுட்டீங்களே?" என்றாள்.