பலகைக்கு அடியில் பதினேழு

வியாழன் இரவு. தம்பெரே நகரில்
சைக்கிள்களின் இருக்கைவரை பனி ஏறியிருந்தது.
டிராம் ஓட்டிவிட்டு நேரே வந்த வுவோக்கோ
சீருடையைக் கழற்றாமலே
என் சாப்பாட்டு மேசைமேல் ஒரு மலைத்தொடரை விரித்தாள்.

நடந்ததைக் கதையாக எழுதுவது என் பொறுப்பு.
நானும் ஆடுகிறேன்தான்,
ஆனால் என் மந்திரவாதிக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க
தொண்டை கட்டியிருந்தது.

அன்றைய குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவு:
கயிற்றுப் பாலம். யால்மரி.
முதுகில் ரொட்டிக்காரியின் பிள்ளை.
பதினைந்தாவது விழ வேண்டும்.
பீட்ஸா மூன்று. ஒன்றில் அன்னாசி. சண்டை.

யால்மரிக்கு இவன் நான்காவது வீரன்.
முதலாமவன் கிணற்றில், அடுத்தவன் காய்ச்சலில்,
மூன்றாமவனை
நாங்களே தவறுதலாக எரித்துவிட்டோம்.
ஒவ்வொரு முறையும் புதுத் தாள் எடுப்பான்,
ஒரு பெயர் அமைவதற்குள்
பென்சிலைச் சீவிச் சீவிக் குட்டையாக்குவான்.

உருட்டினான்.
இருபது முகப் பச்சைப் பகடை
மலையைத் தாண்டி, மேசையைத் தாண்டி,
ஹீட்டருக்குக் கீழே
தரைப்பலகை இடுக்கில் நழுவியது.

ஓனெர்வாதான் குப்புறப் படுத்தாள்.
கைபேசி வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சி
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.
"பதினேழு."

விரல் நுழையவில்லை. முள்கரண்டி எட்டவில்லை.
வுவோக்கோ ஓனெர்வாவைப் பார்த்தாள்,
யால்மரியின் பென்சிலைப் பார்த்தாள்.
"சரி. பாலம் தாங்கியது."

ஞாயிற்றுக்கிழமை எழுத உட்கார்ந்தேன்.
பீட்ஸா போயிற்று, அன்னாசி போயிற்று.
நடுவில் யால்மரியின் அண்ணன் அழைத்துப் பேசிய
இருபது நிமிடம்
வீரன் பாலத்தின் முனையில் நின்று
காற்றுக்குக் காது கொடுத்த நேரமாயிற்று. பொருந்திக்கொண்டது.
எண்களையெல்லாம் துடைத்தேன்.
கதைக்குள் எவனுக்கும் பன்னிரண்டு உயிர்ப்புள்ளி கிடையாது.
மூச்சு இரைக்கும், முழங்கால் நடுங்கும், அவ்வளவுதான்.

பதினேழு மட்டும் நகர மறுத்தது.
கயிறு புதிதா?
காற்று ஓய்ந்ததா?
பிள்ளை தூங்கிப்போனதில் சுமை முதுகோடு ஒட்டிக்கொண்டதா?
எழுதி எழுதி அடித்தேன்.
காரணம் சொல்லவந்த ஒவ்வொரு வரியும்
பொய்ச்சாட்சிபோல
கேட்பதற்கு முன்பே பேசியது.

ஓனெர்வாவை அழைத்தேன்.
"நிஜமாகவே பதினேழா?"
மறுமுனையில் பாத்திரம் கழுவும் ஓசை.
"பாலம் அறுந்ததா?"
"இல்லை."
"அப்புறம் என்ன."

மே மாதம், ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம்,
வீட்டுக்காரர் பழைய தரையைப் பெயர்க்கச் சொன்னார்.
தச்சர் ஒரு சாஸரில் வைத்துக் கொடுத்தார்:
மூன்று ஹேர்பின்,
யூரோவுக்கு முந்தைய நாணயம் ஒன்று,
பச்சைப் பகடை.

"எந்த எண் மேலே இருந்தது?"
அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.
இப்படியொரு கேள்வியை
அவரிடம் எந்த வீட்டிலும் கேட்டதில்லை போலும்.
"பலகையை நெம்பும்போதே உருண்டுவிட்டது."

சாஸரில் அது
நான்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவு காரணங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
இப்போது அந்த இடத்தில் இருப்பது:
பலகையில் கால் வைத்தான்.
எங்கோ யாரோ ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள்.
அக்கரையில் பிள்ளை பசிக்கு அழுதது.

புதுத் தரையில் இடுக்கே இல்லை.
வந்ததும் யால்மரி அதைத்தான் பார்த்தான்.
"என் பகடை?"
"குப்பையோடு வாரியிருப்பார்கள்" என்றேன்,
கால்சட்டைப் பையில் அதன் முனைகள் தொடையில் குத்த.

கொஞ்சம் அதிக நேரமே என்னைப் பார்த்தான்.
பிறகு உட்கார்ந்து,
ஓரம் மடங்கி, காப்பிக்கறை படிந்த
அதே பழைய தாளை விரித்தான்.
மார்கழியில் வாங்கிய பென்சில்
இன்னும் நீளமாகவே இருந்தது.