ஆறாவது கட்டம்

படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
வந்த நேரம். கிளம்பிய நேரம்.
இறங்கியவர். ஏறியவர்.
உள்ளே நின்றவர், உத்தேசமாக.
நாளுக்கு எழுநூறு ரூபாய்,
மதியச் சாப்பாடு நம்முடையது.

காடுபீசனஹள்ளி நிறுத்தத்தில்
மெட்ரோ தூணின் நிழல் நகர நகர
நானும் ரோஸ்லினும் நகர்கிறோம்.
அவளுக்கு முன்கதவு, எனக்குப் பின்கதவு.
கழுத்தில் பி.டி. வாத்தியார் மாதிரி
ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச்.

பேருந்துக்கென்றே இங்கே ஒரு தடம் உண்டு.
மஞ்சள் கோடு,
கோட்டின்மேல் இடுப்புயர ரப்பர் கம்பங்கள்.
நட்டதில் பாதி சக்கரத்துக்குப் போனது,
கால்வாசி பழைய சாமான் கடைக்கு.
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி
ஒவ்வொரு இடைவெளியிலும்
ஒரு கார் நுழைகிறது.
காருக்குள் ஒருவர்.
ஒரு தடவை, ஒருவரும் ஒரு நாயும்.

எட்டு நாற்பத்தொன்று. சில்க் போர்டு வண்டி.
நின்றது ஐம்பத்திரண்டு வினாடி.
அதில் முப்பத்தொன்று
முன்னால் நின்ற வெள்ளைக் கார்
யாருக்காகவோ இட்லி வாங்கிய நேரம்.
மிச்சத்தில் ஆறு,
முழங்கால் வீங்கிய ஓர் அம்மா
முதல் படியைப் பார்த்துக்கொண்டு நின்றது.
நடைமேடையை அரையடி உயர்த்தினால் போதும்
என்கிறாள் ரோஸ்லின்.
அவளை யாரும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பத்தெட்டு வண்டி
நிற்கவே இல்லை.
கதவில் தொங்கிய முதுகுகளைத்தான் பார்த்தோம்.
வந்த நேரமும் கிளம்பிய நேரமும் ஒன்றே.
படிவப்படி
இன்றைய மிகச் சிறந்த பேருந்து அதுதான்.

மூன்று வண்டிகளாக நிற்கிற ஒருத்தி
என் அட்டையை எட்டிப் பார்த்தாள்.
நீலச் சீருடை, கழுத்து அட்டையில் ஹுலிகெம்மா,
ஏதோ டெக் பார்க்கில் ஏழாவது மாடி துடைப்பவள்.
'நன்ன எணிசித்ரா?' என்றாள்.
என்னை எண்ணினீர்களா?

தேடிப் பார்த்தேன்.
அவள் இறங்கவில்லை, ஏறவில்லை,
உள்ளே நிற்கவும் இல்லை.
எட்டரை மணியிலிருந்து எனக்கு இரண்டடி தள்ளி
இருந்துகொண்டே இருந்தாள்,
எந்தக் கட்டத்திலும் இல்லாமல்.

டிபன் மூடியின் ஓரத்தை வைத்துக்
கோடு போட்டேன், ஆறாவதாக.
தலைப்பு: ஏற முடியாதவர்.
முதல் வண்டிக்கு ஆறு பேர்.
அடுத்ததற்குப் பதினொன்று.
நிற்காமல் போனதற்கு இருபத்துமூன்று.
ரோஸ்லினும் போட்டுக்கொண்டாள்,
அவளுடையது கொஞ்சம் கோணல்.
பத்து மணிக்குள் அந்தக் கட்டம்தான்
எல்லாவற்றையும்விட நிறைந்திருந்தது.
ஹுலிகெம்மாவை நான்கு தடவை எழுதியிருக்கிறேன்.
ஒரே ஆளை நான்கு முறை எண்ணலாமா
தெரியவில்லை.
நான்கு முறையும் அவள்தான் விடப்பட்டாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் நாகபூஷண் வந்தார்,
ஸ்கூட்டரில், நெரிசலில் ஒரு மணி நேரம் தாமதமாக.
தாள்களைப் புரட்டினார்.
'கம்ப்யூட்டர்ல அஞ்சு கட்டந்தாம்மா.
ஆறாவது ஏறாது.'

அதுவும் ஏறாதாம்.
ரோஸ்லின் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.
ஆனால் தாளை மடிக்கும்போது
அந்த ஓரம் கசங்காமல் மடித்தார்.

ரோஸ்லினுக்கு மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க வேண்டும்.
கிருஷ்ணராஜபுரம் போகிற வண்டி ஒன்று வந்தது,
ஒரு கால் வைக்க இடமில்லாமல்.
அடுத்தது தடத்துக்குள் நின்ற ஆட்டோவைச் சுற்றி
நடுச்சாலையில் நின்றது. ஓடினோம்.
கதவு மூடிவிட்டது.
பழக்கத்தில் என் கட்டைவிரல்
ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்தது.
பதினாலு வினாடி.
எழுதத் தாள் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: இரண்டு பேர்.

மறுநாள் புதுப் படிவக் கட்டு வந்தது.
அதே ஐந்து கட்டம்.
வலது ஓரத்தில் மட்டும் வெள்ளையாக
இரண்டு விரல் அகலம் விட்டிருந்தார்கள்.
நேற்றும் அவ்வளவு இருந்ததா என்று
நேற்றைய தாளை வைத்துப் பார்க்கலாமென்றால்
அது நாகபூஷணிடம் இருக்கிறது.