ஊதும் அறை

இழு. இன்னும் இழு. அடக்கு.
இப்போது ஊது, ஊது, ஊது, விடாதே.
நாளைக்கு நாற்பது தடவை
இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அடிஸ் அபாபாவில், மேட்டுச் சாலையோரம்,
இரண்டாம் மாடியில் ஓர் அறை.
ஜன்னலுக்கும் சட்டத்துக்கும் சேர்த்தே வண்ணம் அடித்துவிட்டார்கள்.
நல்லதுதான்.
திறந்தால் சாலை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்று அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள்.
இருவர் நெற்றியிலும்
ஒரே ஊசி குத்திய சிலுவைப் பச்சை.
யெஷிமெபெட் மென்ஸ் மலைக்காரி,
கோவேறு கழுதையில் பாதி நாள்,
பஸ்ஸில் மீதி நாள்.
ஜெனெபெச் இந்த ஊர்தான்,
மினிபஸ்கள் உறுமித் திரும்பும் முக்கில்
காலுறையும் போன் கார்டும் விற்கிறவள்.

"அவளை எதற்கு ஊதச் சொல்கிறீர்கள்?
அவள் மலைக்காற்றில் இருக்கிறவள்.
டீசலில் வேகிறது நான்."
மலைக்காற்று, மலைக்காற்று என்று
மூச்சுக்கு முந்நூறு தரம்.

அக்கா பேசவில்லை.
வெள்ளைச் சால்வையின் நுனியை வாயில் பொத்தி இருமினாள்.
அந்தச் சால்வை துவைத்ததுதான்.
இருந்தும் யூகலிப்டஸ் சுள்ளி, வறட்டி,
பிறகு அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று
அறை முழுக்க.

தங்கைக்கு எண்பத்தொன்று சதவீதம்.
பிழைத்தாள்.
அக்காவுக்கு நாற்பத்தாறு.

குழாயை மாற்றினேன். நாற்பத்துநாலு.
மெஷினைத் தட்டினேன். நாற்பத்தாறு.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, கேட்டே ஆகவேண்டும்:
சிகரெட் எத்தனை வருஷம்?
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
இருமல் அடங்க நேரமானது.
"அடுப்பு எத்தனை வருஷம் என்று கேள்.
ஒன்பது வயதில் உட்கார்ந்தேன்.
இஞ்ஜெரா மாவில் கண் கண்ணாய் விழும்வரை
குனிந்து ஊத வேண்டும்.
எங்கள் குளிர் உனக்குத் தெரியாது,
கதவைச் சாத்தித்தான் சமைப்போம்.
புகை எங்கே போகும்?
நான் இருந்தேன், எனக்குள் போனது."

இத்தனை வருஷமாய் ஊதிய வாய்
என் குழாயில்தான் தோற்றது.

எதிர் அறையில் விரலைக் குத்தினார்கள்.
யெஷிமெபெட்டின் ரத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை,
தினமும் இரண்டு மணி நேரம் முதுகில் தண்ணீர்க் குடம்.
ஜெனெபெச்சுக்குச் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு.
முக்காலியில் பதினொரு மணி நேரம்,
பசித்தால் இனிப்பு டீ, பசிக்காவிட்டாலும் டீ.
இடது குதிகாலில் ஆறாத ஒரு காசளவு புண்,
யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள்.

பெஞ்சில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள்.
பிறகு அக்கா:
"நான் இங்கே வந்துவிடலாம் என்றிருந்தேன்.
உன் வீட்டில் மின்சார அடுப்பு."
தங்கை:
"நான் அங்கே வரலாம் என்றிருந்தேன்."

இத்தனை காலம்
ஒருத்தி வாசலை ஒருத்தி
மருந்து போல எடுத்து வைத்திருந்தார்கள்,
அவசரத்துக்கென்று, பிரிக்காமல்.

டாக்டர் உறிஞ்சு மருந்து எழுதினார்.
மென்ஸில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை.
என் வேலை ஊதச் சொல்வது மட்டும்,
ஆனாலும் சொன்னேன்:
அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஓட்டை போடு.

"கழுதைப்புலி வருமே."

அதன் தலை நுழையாத அளவு, புகை நுழையும் அளவு.

என் சுவரில் கைவைத்துச் சாணால் அளந்தாள்.
ஒரு சாண். யோசித்து, நாலு விரல் குறைத்தாள்.
பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து
"உன் ஓட்டை எங்கே?" என்றாள்.
வண்ணம் அடித்த ஜன்னலைக் காட்டினேன்.

குழாய் வைத்த அடுப்புக்கு யார் பணம் கொடுப்பது என்று
சண்டை போட்டபடியே இறங்கினார்கள்.
பாதிப் படியில் சத்தம் நின்றது.
எட்டிப் பார்த்தேன்:
இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருத்தி மூச்சுக்காக,
ஒருத்தி காலுக்காக.