முப்பது குழி

சாவி கைக்கு வந்த நாளில்
வீட்டுக்குப் பின்னால் தோட்டம் என்று எதுவும் இல்லை.
கொத்தனார்கள் விட்டுப்போன சிமெண்ட் கட்டி,
ஓட்டுச் சில்லு, ஒற்றை பூட்ஸ்.
அதற்கும் கீழே வெருலத்துச் செம்மண்,
கரும்பைப் பெற்றுப் பெற்று அலுத்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்.
தேடினேன்.
இங்கே ஆடியில் புல் வெளுத்துக் கிடக்கிறது,
குழாய்த் தண்ணீர் பல்லைக் கூச வைக்கிறது,
மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்கள்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊற்றுகிறார்கள்.
விதைப் பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருந்தது:
ஆகஸ்டு முதல் நவம்பர் வரை.
பழமொழியை மடித்து வைத்துவிட்டு
பாக்கெட்டை நம்பினேன்.

முட்டை அட்டையில் முப்பது குழி.
கத்தரி பத்து, தக்காளி பத்து, மிளகாய் ஐந்து,
கடைசி ஐந்தில் பாகல்.
ஐஸ்கிரீம் குச்சிகளில் தேவனேசன்
பேர் எழுதிக் கொடுத்தார்,
கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல் அழகாக.

வார்டிலும் எனக்கு முப்பது படுக்கைதான்.
இரவுப் பணி முடிந்து ஏழு மணிக்கு வந்ததும்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
பேனா டார்ச்சோடு அட்டையிடம் போவேன்.
நான்காம் நாள்: மாற்றம் இல்லை.
ஏழாம் நாள்: மாற்றம் இல்லை.
எட்டாம் நாள்
பதினோராம் குழியில் மண்
ஒரு மயிரிழை தூக்கியிருந்தது.
என்னையறியாமல்
நாடி பார்க்கக் கை போனது.

மூன்று நாள் குழாயில் காற்று மட்டும் வந்தது.
அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர்,
கொஞ்சம் குடிக்கிற தண்ணீரும்.
நாங்கள் குளிக்கவில்லை. கத்தரி குளித்தது.

நான்கிலை விட்டதும் நிலத்துக்கு மாற்றினேன்.
அன்றிரவே இடி, மழை.
காலையில் பார்த்தால் குச்சிகள் வெள்ளையாக நிற்கின்றன,
தேவனேசனின் கையெழுத்தை
மண் குடித்துவிட்டிருந்தது.
கைப்பட்டை இல்லாத நோயாளிகள்
பதினெட்டுப் பேர்.
அவர்களில் ஒருவன் மட்டும் சரசரவென்று வளர்ந்தான்.
அவனுக்குக் கம்பு நட்டேன், கயிறு கட்டினேன்,
எருவில் ஒரு பிடி கூடப் போட்டேன்.

பக்கத்து வீட்டு நோம்பூசோ
வேலிமேல் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல்,
"இம்பூயாவையா கட்டி வைத்திருக்கிறாய்?
ஓடிப்போய்விடும் என்றா?"
அவள் வேலியோரம் அது காடாய் நின்றது.
முளைக்கீரை.
விதைத்தவர் யாரும் இல்லை, எருவோடு வந்திருக்கும்.
கயிற்றை அவிழ்த்துக் கொழுந்தைக் கிள்ளினேன்,
அவள் பக்கத்திலிருந்தும் ஒரு கை கொடுத்தாள்.
பூண்டு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் உப்பு.
புது வீட்டில் எங்கள் முதல் அறுவடை.

தக்காளியைக் குரங்குகள் பார்த்துக்கொண்டன.
பச்சையிலேயே,
ஒவ்வொன்றிலும் ஒரு கடி,
பிடிக்காததுபோல் ஒரு வீச்சு.

இருபத்தாறாம் குழியில் மட்டும் ஒன்றுமே இல்லை.
அட்டை நைந்து கிழிந்தும் அதைத் தூக்கிப் போடவில்லை.
வார்டில் இருபத்தாறாம் படுக்கைக்கு
விடியற்காலை புது விரிப்பு விரித்துவிட்டு
வந்த நாளிலும் தண்ணீர் விட்டேன்.
நாற்பதாம் நாள்.
பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சவேந்திரி,
ஐந்து வயசு, பள்ளிக்கூடச் சீருடை,
"அம்மா, அதில் இல்லை" என்றாள்.

முதல் நாளே எடுத்துவிட்டாளாம்.
ஆமை மாதிரி இருந்ததாம், பாவமாக இருந்ததாம்.
பென்சில் பெட்டியைத் திறந்தாள்.
ரப்பர் துணுக்கு, ஒரு பாசிமணி,
நடுவே
விளிம்பு நெளிந்த பாகல் விதை,
கீறல்கூட இல்லாமல்.

நான் திட்டவில்லை.
குழி ஈரமாகவே இருந்தது.
பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
இன்னும் நவம்பர்தான்.