சிக்கிய பொத்தான்

ட்ரியஸ்தே துறைமுகம், போரா காற்றடித்த ஒரு ஜனவரி.
பாரந்தூக்கியின் பொத்தான் சிக்கிக்கொண்டது;
விரலை எடுத்த பிறகும்
ஏற்று, ஏற்று என்றது.
நெவென்கா பஸ் டிக்கெட்டை நாலாய் மடித்து
இடுக்கில் செருகினாள்.
நின்றது.

அதனால் டாக்டர் அதிகம் விளக்கவில்லை.
எலும்பு மஜ்ஜைக்குள் அப்படியொரு பொத்தான்,
பெருகு, பெருகு என்று.
மாத்திரை அதன் குழியில் போய்
உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.
கட்டளை நின்ற அணுக்கள்
தாமே உதிரும்.

மூன்றாம் மாதம்
இடுப்பெலும்பில் மறுபடி ஊசி.
நெரிசல் குறைந்திருக்கிறது,
சிவப்பணுக்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது.
"எல்லாம் போயிற்றா?"
"சில தூங்குகின்றன.
தூங்க, பொத்தான் எதற்கு?"

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
ஆரஞ்சு மாத்திரை, பெரிய தம்ளர் தண்ணீர்.
அந்த டிக்கெட்டை அவள் எடுக்கவேயில்லை.
பாரந்தூக்கியை எப்போதோ விற்றுவிட்டார்கள்.

யாராவது
எடுத்திருப்பார்களோ?