நானூற்றுப் பன்னிரண்டாவது கம்பு

அடிஸ் அபாபாவில் ஒரு வங்கிக்குக் கட்டடம் எழும்புகிறது.
நான் கம்பு எண்ணுகிறவன்.
வந்தது, நட்டது, ஒடிந்தது,
இராக்காவலன் குளிருக்கு எரித்துவிட்டு
ஒடிந்ததாகச் சொன்னது:
நான்கு பத்தி, ஒரு நீல நோட்டு.

எல்லாம் தைலமரம்.
இங்கே அதற்குக் கடல்மரம் என்று பெயர்.
கடலைப் பார்த்த மரம் ஒன்றுகூட இல்லை இந்த மலையில்,
கடலைப் பார்த்த ஆளும் குறைவு.
எவர் காலத்திலோ விதையாக வந்து இறங்கியது;
ஊர் எது என்று கேட்டால்
இன்னும் வந்த வழியைத்தான் சொல்கிறது.

லாரியிலிருந்து இறக்கும்போது
தெருவே மூக்கடைப்பு நீங்கி மூச்சு விடும்.
விற்க வருகிறவர்கள் கதையும் சேர்த்து இறக்குவார்கள்:
இது தங்கை கல்யாணம்,
இது அப்பாவின் கண் ஆபரேஷன்,
இந்த நாற்பதும் பக்கத்து வயல்காரனோடு வழக்கு.
நிழல் விழுந்து அவன் தெஃப் பயிர் சோகை பிடித்ததாம்,
வேர் வரப்பு தாண்டித் தண்ணீர் திருடியதாம்.
வழக்குச் செலவுக்கு
வழக்குக்குக் காரணமான மரத்தையே வெட்டியிருந்தான்.
நான் சிரிக்கவில்லை.
நாற்பது என்று எழுதிக்கொண்டேன்.

ஸெனெபெச் கலவை சுமக்கிறாள்.
பெயருக்குப் பொருள், மழையாய்ப் பொழிந்தாள்.
இரண்டு கம்புக்கிடையே தகரம் அடித்த தூக்கில்
முன்பக்கம் அவள், பின்பக்கம் இன்னொருத்தி.
முன்பு என்டோட்டோ மலையில்
சருகும் சுள்ளியும் கட்டி
தன்னைவிட நீளமான சுமையோடு இறங்கியவள்.
எத்தனையோ வீட்டு இஞ்சேரா அந்தச் சருகில் வெந்தது.
வனக்காவலனுக்கு ஒரு பங்கு போக,
முழங்காலுக்கு ஒரு பங்கு.
அன்று நீ சுமந்த மரம் இன்று உன்னைச் சுமக்கிறதே
என்று ஒருநாள் அழகாகச் சொல்லிப் பார்த்தேன்.
'கூலியும் அதுவே தருமா?' என்றாள்.

மழைக்காலம் பிறந்து மூன்றாம் வாரம்
ஆறாம் தளத்து மூலையில்
ஒரு கம்பு தளிர்த்திருந்தது.
மேலே சிமெண்ட், கீழே சிமெண்ட்,
வேர் இல்லை, நுனி இல்லை,
நடுவில் பட்டை வெடித்து
எட்டு இலை.
முற்றிய இலை அரிவாள் போல் வளைந்திருக்கும்.
இவை வட்டம். சாம்பல் பூத்த நீலம்.
இன்னும் கை மாறாத காசு.

மேஸ்திரி அஷாக்ரே அண்ணாந்து பார்த்தார்.
'பச்சைக் கம்பு வளையும். மாற்று.'
சரக்கு இல்லை, ஞாயிறுவரை லாரி வராது என்றேன்.
பொய்.
பின்புறம் பதினேழு கிடந்தன.
ஏன் சொன்னேன் என்று
இதுவரை எனக்கு விளங்கவில்லை.

பத்து நாள்,
கலவையோடு ஏறுகிறவர்கள் அந்த மூலையில்
தோளை ஒடுக்கித் திரும்பினார்கள்.
யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

பதினோராம் நாள் ஸெனெபெச்
தூக்கை இறக்கி வைத்துவிட்டு
எட்டில் ஆறைப் பறித்து மடியில் முடிந்தாள்.
நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து
'பையனுக்குச் சளி' என்றாள்,
'ஆவி பிடிக்க.'
இரண்டை எதற்கு விட்டாய்?
'நாளைக்கும் இருமுவான்.'

அதற்குள் கான்கிரீட் இறுகிவிட்டது.
ஏழாம் தளத்துக்குக் கம்புகளைப் பிடுங்கி ஏற்றினார்கள்,
சுண்ணாம்பில் நான் போட்ட எண்கள்
மழையில் கரைந்திருந்தன.
எது எது என்று தெரியவில்லை.
நோட்டில் மட்டும்
நானூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே
நட்டது என்றே இருக்கிறது.